இரண்டு தொட்டி இலையுதிர் காலம்

"இலையுதிர் காலம் வேணும்.
ரெண்டு தொட்டி.
வெள்ளிக்குள்ள,
நூத்தைம்பது வெள்ளிக்குள்ள."
பல் கிளினிக் மேடம் யாப்
சிரிக்காமல்தான் சொன்னார் தொலைபேசியில்.
மூன்கேக் பெருநாள் வருகிறதாம்.
வாசலின் இரு பக்கமும்
சிவப்பும் மஞ்சளுமாய் எதுவோ நிற்கவேண்டுமாம்,
உதிரப்போகிற மாதிரி.

பகாவில் எனக்குத் தெரிந்த காலங்கள்
மழை பெய்யும் மாதம்,
பெய்யாமல் புழுங்கும் மாதம்,
சாலையைத் தோண்டிவிட்டு மூடாத மாதம்.
நான்காவதை
கடையில் எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன்?

தேடினேன்.
குரோட்டன், வெயிலில் நின்றது மட்டும்.
நிழலில் வளர்ந்தது கடைசிவரை பச்சை.
கோழிக்கொண்டை ஆறு.
ஒடித்து நட்டால் வாரத்தில் வேர்விடும்
அவசரக்காரி கோலியஸ்.
விளிம்பு தாண்டி வழிய
கத்தரி நிறத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி.
அடியில் தேங்காய் மட்டை,
அதன்மேல் செம்பனை ஆலையின் மக்கிய சக்கை.
மேல்மண் போதவில்லை.
தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் மிச்சமிருக்கும்
பதினோரு ரப்பர் மரத்தடியில்
இரண்டு சாக்கு அள்ளிவந்தான் ஷபிகுல்.

எதற்கு என்று கேட்டான்.
சொன்னேன்.
"சிவப்பா?" என்றான் மலாயில்.
"எங்கள் ஊரில் அது வெள்ளை.
ஆற்றங்கரை முழுக்க நாணல் பூக்கும்,"
தோள்வரை கையை உயர்த்திக் காட்டினான்,
"இவ்வளவு."
ஆறு வருடமாயிற்று என்றான்.
பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டான்.

எனக்கும் ஒன்று இருந்தது.
பிப்ரவரியில்.
எஸ்டேட் முழுக்கச் சிவந்து, செம்பழுப்பாகி,
காற்றில்லாமலே கொட்டும்.
வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப்
படம் எடுப்பார்கள்.
அம்மா
பால் வாளியைச் சாய்த்து அடியைப் பார்ப்பாள்.
மரம் சிவந்த மாதம் சம்பளம் இளைக்கும்,
மளிகைக்கடைச் சிட்டை தடிக்கும்.
அழகு என்று அதை நாங்கள் யாரும் சொன்னதில்லை.
அழகாகத்தான் இருந்தது.

வியாழன் மாலை
மழையோடு மழையாய் இறக்கிவைத்தோம்.
மேடம் யாப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஒரு தொட்டியைக் கால்வட்டம் திருப்பினார்,
மறுபடி திருப்பினார்.
"இன்னும் கொஞ்சம்
வாடின மாதிரி இருந்தா நல்லாருக்கும்."
"இங்கே எதுவும் வாடாது மேடம்,
நேரா அழுகிடும்."
பத்து வெள்ளி குறைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் அழைப்பு.
"உன் இலையுதிர் காலத்துல
களை முளைச்சிருக்கு."
படம் வந்தது.
கோலியஸ் தலைகளுக்கு நடுவே
ஒற்றைத் தண்டு,
நுனியில் மும்மூன்றாய் இலை,
புதுச் செம்புக்காசின் நிறத்தில்
எண்ணெய் தடவின பளபளப்பு,
இன்னும் விறைக்காமல் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு.
மண்ணோடு வந்திருக்கிறது ரப்பர் கொட்டை.
பெருநாள் முடிந்து விளக்குகள் கழற்றியபின்
யாரையும் கேட்காமல் வெடித்திருக்கிறது.

"ஆனா," என்றார் மேடம் யாப்,
"நீ வச்சதுல எதுவும் இந்தச் சிவப்பு இல்ல.
விழப்போற இலையா?"

இல்லை மேடம்,
நேற்று வந்த இலை.
மாந்தளிரைப் பாருங்கள், இலவங்கத்தைப் பாருங்கள்,
இந்த ஊரில் பாதி மரத்துக்கு
வரும்போதே சிவப்பு.
பத்து நாளில் பச்சையாகி
வேலைக்குப் போய்விடும்.

அந்தப் பக்கம் பல் துளைக்கும் இயந்திரம்
இரைந்து நின்றது.
"பிடுங்கவா?"

நான் ஷபிகுலைப் பார்த்தேன்.
அவன் சாக்கை உதறிக்கொண்டிருந்தான்.
இன்னும் இரண்டு கொட்டை உருண்டன தரையில்,
புள்ளி புள்ளியாய்.

"இருக்கட்டும் மேடம்.
தொட்டி வெடிக்கிற அன்னைக்குக் கூப்பிடுங்க.
பெருசு இருக்கு.
விலைதான் வேற."